தடுப்பதும் தள்ளிவிடுவதும்

பட்டணத்து வியாபார நண்பர்கள் யோங் பெங் வந்து நம் கடையில் உட்காரும்போதெல்லாம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "மழை பிடித்தால் வெள்ளம்; மழை விட்டால் பாம்பு; இரவில் காட்டுப்பன்றி; பகலில் குரங்கு. இந்த ஊரில் எப்படித்தான் காலந் தள்ளுகிறீர்கள்?" என்பார்கள். நாமும் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவோம்.

ஆனால் நாட்டுப்புறத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது சிரித்து மறக்கும் விஷயமன்று. காற்றும் வெள்ளமும் விலங்கும் நம் வாசலுக்கு வரத்தான் செய்யும். அவற்றிடமிருந்து நம் உயிரையும் குடும்பத்தையும் முதலையும் காத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு, அதில் ஐயமில்லை. அந்த உரிமைக்கு எல்லை எது என்பதே கேள்வி. நமக்கு வரும் கேட்டை விலக்குவதற்கு நாம் எதுவரை போகலாம்? இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. நாம் ஆலிமும் அல்லோம், பட்டதாரியும் அல்லோம். மதரசாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றது போக, மீதியைக் கடையில் நின்று கற்றவர்கள். ஆகவே கடைக்காரர்களுக்குக் கடைக்காரர் பேசும் பேச்சாகவே இதைக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நாம் குடியிருக்கும் நிலம்

யோங் பெங், பத்து பஹாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு போகும் பழைய பெருஞ்சாலை இவ்வழியே செல்கிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதும் திறக்கப்படும் வரையில் தூரத்துப் பஸ்கள் இங்கே நிற்கும். பயணிகள் இறங்கிப் பசியாறிப் போவார்கள். ஊருக்குள் ஃபூச்சௌ சீனர்கள் மிகுதி. சுற்றிலும் மலாய்க் கம்பங்கள், பால்மரக் காடு, செம்பனைத் தோட்டங்கள். தோட்டங்களிலே நம் தமிழ் மக்கள்.

நிலம் தாழ்ந்த நிலம். இவ்வட்டாரத்து நீரை வாங்கிக்கொண்டு போகும் சிம்பாங் கிரி ஆறு, சிம்பாங் கானான் ஆற்றோடு கூடிப் பத்து பஹாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வழி நெடுகத் தட்டையான பூமி. கடலில் நீர் ஏறியிருக்கும் வேளையில் ஆற்று நீர் வெளியேற முடியாது. கடல் இறங்கும் வரை காத்துக் கிடக்க வேண்டும். மேலும் மேற்கு ஜொகூரில் பல இடங்களில் இருப்பது இலையும் வேரும் மட்கிச் சேர்ந்த கரிய சதுப்பு மண். மலாயில் தானா கம்புட் என்பார்கள். பயிருக்காக அதில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால், காய்ந்த மண் மட்கி அமுங்கி ஆண்டுக்காண்டு தாழ்ந்துகொண்டே போகும். நிலம் தாழத் தாழ வெள்ளத்துக்கு வழி எளிதாகும். மேற்பக்கம் பெக்கோக் அணையும், சிம்பாங் கானான் பக்கம் செம்புரோங் அணையும் வெள்ளத்தை ஓரளவு தாங்குகின்றன. ஆனால் எந்த அணைக்கும் ஓர் அளவு உண்டு. நிரம்பினால் வழிந்தே தீரும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை ஜொகூர்க்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பஹாட் என்று மாநிலம் முழுதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். பிறகு 2023 மார்ச் மாதம், மழைக்காலம் முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விட்டிருந்த வேளையில், மறுபடியும் வந்தது. மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். யோங் பெங் வட்டாரமும் பலமாக அடிபட்டது. பத்து பஹாட் மாவட்டத்தில் தண்ணீர் வடிய வாரக்கணக்காயிற்று. மார்ச் 23இல் ரமளான் பிறந்தபோதும் வீடு திரும்பாமல் மையத்திலேயே நோன்பு பிடித்தவர்கள் இருந்தார்கள்.

வெள்ளம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காற்றோ ஆண்டுதோறும். ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராக் காற்று என்று ஒன்று அடிக்கும். இரவில் சுமத்ராப் பக்கம் திரண்டு, நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியுமுன் இடியும் மழையுமாக நம் தகரக் கூரைமேல் இறங்கும். ஒரு மணி இரண்டு மணி நேரந்தான். ஆனால் அதற்குள் கூரை பறக்கும், மரம் சாயும், மின்சாரம் போகும்.

இவையெல்லாம் நமக்குப் புதியனவும் அல்ல. நம் பெரியவர்கள் விட்டுவந்த கடலோர ஊர்களும் இதையேதான் கண்டன. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. ரயிலும் பயணிகளோடு போயிற்று. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அங்கும் இங்கும் மனிதன் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே.

தடுப்பது கடமை

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். நம்மவர்களில் சிலர், "எல்லாம் கத்ருப்படி நடக்கும், நாம் என்ன செய்தாலும் வருவது வரும்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதை ஈமானின் உறுதி என்று எண்ணுகிறார்கள். அது உறுதியன்று, சோம்பல். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு இறைவன் மேல் பாரத்தைப் போடலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு பாரத்தைப் போடு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்ன செய்தி மதரசாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நம் ஒட்டகம் எது? மழைக்காலம் வருமுன் கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்ப்பது. கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளையைக் கழிப்பது. அரிசி மூட்டையையும் சீனி மூட்டையையும் தரையில் அடுக்காமல் உயரப் பலகைமேல் அடுக்குவது. பற்றுப் புத்தகம், நிலப் பத்திரம், கடை உரிமம் ஆகியவற்றை உறையிலிட்டு மேல்தட்டில் வைப்பது. தண்ணீர் ஏறினால் மின்சாரத்தை எங்கே அணைப்பது என்று வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டிவைப்பது. வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதிருப்பது. ஏனெனில் எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக் காய்ச்சல் பற்றும். சாதாரணத் தீ இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்கென்று தனியே சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் ஒட்டகத்தைக் கட்டுவதில் ஒன்று.

இவையனைத்தும் தடுப்பு. இவற்றால் யாருக்கும் ஒரு குறைவும் இல்லை. நம் கூரைக்கு ஓர் ஆணி கூட அடித்தால் அடுத்த வீட்டுக் கூரை தளர்ந்துபோவதில்லை. இத்தகைய தடுப்பை எவ்வளவு செய்தாலும் நல்லது; செய்யாமலிருந்தால்தான் குற்றம்.

தள்ளிவிடுவது வேறு

ஆனால் இன்னொரு வகை உண்டு. பார்வைக்கு அதுவும் தடுப்புப் போலவே இருக்கும்.

ஒருவர் தம் மனையைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்குகிறார். அவர் மனைக்குள் தண்ணீர் வரவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? மறைந்துவிடவில்லை, அடுத்த மனையில் ஒரு சாண் கூடுதலாக நிற்கிறது. இன்னொருவர் கடைக் குப்பையையும் அட்டைப் பெட்டியையும் பின்புறச் சாக்கடையில் தள்ளிவிடுகிறார். அவர் கடை சுத்தம். மழை வந்ததும் அந்த அட்டை நாலு கடை தள்ளிப் போய் அடைத்துக்கொள்கிறது. முதல் கடைக்காரர், "என் கடையில் தண்ணீர் இல்லையே, அல்ஹம்து லில்லாஹ்" என்கிறார். நாலாவது கடைக்காரர் யாரை நோவது?

கேட்டைத் தடுப்பது ஒன்று. கேட்டைப் பிறர்மேல் தள்ளிவிடுவது வேறொன்று. இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும் என்பது நம் எண்ணம். "என்னிடம் வராமல் நான் விலக்கிய கேடு, இப்போது எங்கே இருக்கிறது?" இதற்கு "எங்கும் இல்லை" என்பது விடையானால் அது தடுப்பு. "அவன் வீட்டில்" என்பது விடையானால் அது தள்ளிவிடுதல்.

இது நம் சொந்தக் கற்பனையன்று. இந்த ஜொகூர் மண்ணுக்கும் இந்தச் சிந்தனைக்கும் பழைய தொடர்பு உண்டு. துருக்கி உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி கொடுக்கல் வாங்கல் சட்டங்களைத் தொகுத்து, மஜல்லா என்ற பெயரில் வெளியிட்டது. அதை மலாயில் பெயர்த்து, மஜல்லா அஹ்காம் ஜொகூர் என்று 1913இல் ஜொகூர் அரசு வெளியிட்டது. அதன் தொடக்கத்தில் உள்ள பொது விதிகளில் இரண்டு நம் கேள்விக்கு நேரே பொருந்துகின்றன. யாரும் பிறருக்குக் கேடு செய்யவும் கூடாது, கேட்டுக்குக் கேடு திருப்பவும் கூடாது என்ற கருத்து ஒன்று. ஒரு கேட்டை அதற்கு ஒப்பான இன்னொரு கேட்டைக் கொண்டு நீக்கலாகாது என்ற கருத்து மற்றொன்று. முதலாவது நபிமொழியிலிருந்து வந்தது. மதரசாவில் அரபியில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். மனப்பாடம் செய்தது பரீட்சைக்கு உதவிற்று. மண் மேடாக்கும்போது நினைவுக்கு வந்தால் அல்லவா பயன்?

வாயில்லாப் பக்கத்து வீட்டார்

இனி விலங்குகளுக்கு வருவோம்.

நம் கடைக்குப் பாம்பு எப்படி வருகிறது? சிந்திய அரிசிக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. எலியை அழைத்தவர் நாம். அரிசியைக் கூட்டி அள்ளி, மூட்டைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை அளவு இடம் விட்டால் பாதிப் பாம்பு வராது. அப்படியும் வந்துவிட்டால் தடியை எடுப்பதற்கு முன் போம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடலாம். அவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். அவசர எண் 999. குரங்கும் அப்படியே. சாலையோரத்தில் வாகனத்தை நிறுத்தி ரொட்டியும் வாழைப்பழமும் போடுவதைப் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். மனிதன் கையில் உணவு உண்டு என்று கற்றுக்கொண்ட குரங்கு, மறுநாள் பள்ளிப் பிள்ளையின் கையிலிருக்கும் பையைப் பிடுங்குகிறது. போட்டவர் ஒருவர், கடிபடுபவர் வேறொருவர். இரக்கத்தின் உருவிலே வந்த தள்ளிவிடுதல் இது.

காட்டுப்பன்றிதான் தோட்டக்காரர்களுக்குப் பெருந்தொல்லை. ஓர் இரவில் மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடும். செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்றுவிடும். பாடுபட்டவன் வயிறு எரிவது நியாயமே. அந்த எரிச்சலில் அவன் கம்பியில் நேரே மின்சாரத்தைப் பாய்ச்சினால் என்ன ஆகும்?

2023 மார்ச் மாதம், நம் ஊரில் வெள்ளம் நின்ற அதே மார்ச்சில், தமிழ்நாட்டுத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கத்தில் ஒரு விவசாயி பன்றிக்காக நிலத்தைச் சுற்றி மின்கம்பி கட்டினார். இரவில் அந்த வழியே வந்தவை யானைகள். 3 யானைகள் அவ்விடத்திலேயே மாண்டன. 2 குட்டிகள் உயிர் தப்பித் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி நின்றன. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பன்றியைக் கொல்ல வெடிமருந்து வைத்திருந்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த யானை ஒன்று, ஆற்று நீருக்குள் போய் நின்றபடியே உயிர் விட்டது. அதன் வயிற்றில் கரு இருந்தது. கம்பி கட்டியவரும் வெடி வைத்தவரும் யானையை நினைக்கவில்லை. தமக்குள்ள தொல்லையைத்தான் நினைத்தார்கள். இன்னொரு நாள் அதே கம்பியில் விடியற்காலை வேலைக்குப் போகும் தொழிலாளி கால் வைத்தால்? யாருக்கென்று பார்த்துக் கம்பி பாயாது.

திருமறையிலே எறும்பின் பெயரால் ஓர் அத்தியாயம் இருக்கிறது. சுலைமான் நபி (அலை) அவர்களின் சேனை வருவதைக் கண்டு ஓர் எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்த வரலாறு அதில் வருகிறது. அந்தச் சேனை அறியாமல் நம்மை மிதித்துவிடக் கூடும் என்றே அந்த எறும்பு சொல்லிற்று. வேண்டுமென்று மிதிப்பார்கள் என்று அது எண்ணவில்லை. இவ்வளவு சிறிய உயிர் மனிதரைப்பற்றி எவ்வளவு நல்லெண்ணம் வைத்திருந்தது! கம்பி எதைக் கொல்லும், வெடி யார் வாயில் வெடிக்கும் என்று நன்றாக அறிந்திருக்கும் நமக்கு, "அறியாமல்" என்ற அந்தச் சாக்கு இல்லை.

நம் பெரியவர்கள் பால்மரம் வெட்டப் போன காலத்தில் புலிக்கு அஞ்சியே காட்டில் இறங்கினார்கள். 1950களில் மலாயாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கின்படி 150க்கும் குறைவு. இன்று அஞ்ச வேண்டியது எந்தப் பக்கம் என்று வாசகர்களே சொல்லட்டும். 2025 மே 11ஆம் தேதி, பேராக்கின் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் ஒரு யானைக்குட்டி லோரியில் அடிபட்டு அடியில் சிக்கி மாண்டது. தாய் லோரியில் தலையை முட்டுக் கொடுத்தபடி மணிக்கணக்காக நகராமல் நின்ற படத்தை நாடே பார்த்தது. அன்று பலர் கண் கலங்கினோம். நம் சரக்கும் லோரியில்தான் வருகிறது என்பதையும் சேர்த்து நினைத்திருந்தால், யானை கடக்கும் பாதையில் இரவில் மெள்ளப் போ என்று ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியிருக்கும்.

"அப்படியானால் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் போயிற்று" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மலேசியாவில் பெர்ஹிலித்தான் 1970களிலிருந்து யானைகளை இடம் மாற்றி வருகிறது. சில சமயம் அதைத் தவிர வழியிராது. ஆனால் இலங்கையில் அறிஞர்கள் 12 ஆண் யானைகளை இவ்வாறு இடம் மாற்றியபின் தொடர்ந்து கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பின. சில, விட்ட காட்டில் நிற்காமல் அலைந்து புதிய ஊர்களில் புகுந்தன. தொல்லை குறையவில்லை, பரவிற்று. யானையோடு தொல்லையையும் லோரியில் ஏற்றி அனுப்பியதுதான் மிச்சம்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. உயிரைக் கொல்லாமல் சுளீரென்று அதிர்ச்சி மட்டும் தரும் விட்டுவிட்டுப் பாயும் மின்வேலி இருக்கிறது. நம் நாட்டில் தோட்டங்களைச் சுற்றி யானைக்கென்று அமைத்திருக்கிறார்கள். அதை ஒருவர் மட்டும் தன் நிலத்துக்குப் போட்டால் யானை அடுத்தவர் நிலத்துக்குப் போகும். அண்டை நிலத்தார் கூடிப் பேசி, காட்டோரம் முழுதும் ஒன்றாகப் போட்டு, யானைக்கும் நடக்க ஒரு வழி விட்டால் அது தடுப்பு ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கடையநல்லூர், வடகரை, மேக்கரைப் பக்கம் யானை இறங்குவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தனியொருவன் வேலி எதற்கும் உதவாது என்பது சொல்லாமலே விளங்கும்.

வெள்ளமும் விலைச்சீட்டும்

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிய வியாபாரச் சகோதரர்கள், இனிச் சொல்வதையும் கேட்க வேண்டும். தள்ளிவிடுவதில் மிகச் சுலபமானது கடையில்தான் நடக்கிறது.

வெள்ளத்தில் 10 மூட்டை அரிசி நனைந்துபோயிற்று. 10 மூட்டை மிஞ்சிற்று. சாலை அடைபட்டு வேறு கடைக்கும் சரக்கு வரவில்லை. மிஞ்சிய 10 மூட்டையில் 20 மூட்டைப் பணத்தை எடுத்துவிடலாம். வாங்குகிறவனுக்கு வேறு போக்கில்லை. "என் நட்டத்தை நான் வேறு யாரிடம் எடுப்பது?" என்பது கேட்க நியாயம்போல் இருக்கிறது. ஆனால் நம் கேள்வியை இங்கும் போட்டுப் பார்ப்போம். நம் கடையிலிருந்து விலகிய நட்டம் எங்கே போயிற்று? வீடு முழுதும் நனைந்து, மெத்தையும் பாத்திரமும் போய், பிள்ளைக்குப் பால்மாவு வாங்க வந்தானே, அவன் தலையில் ஏறிற்று. நமக்கு வந்த வெள்ளம் ஒன்று. அவனுக்கு இரண்டு: முதலாவது ஆற்றிலிருந்து. இரண்டாவது நம் கல்லாவிலிருந்து.

சரக்கைச் சுற்றுவழியில் கொண்டுவர உண்மையிலேயே லோரிக் கூலி கூடினால், அந்தக் கூலியைச் சேர்ப்பது நியாயம், வாங்குகிறவரும் ஒப்புக்கொள்வார். வாங்கிய விலைமேல் வழக்கமான லாபம் வைப்பதும் நியாயம். ஆனால் மனிதனின் பயத்துக்கு விலை போட்டு விற்பது வியாபாரமன்று. மக்கள் தவிக்கும்போது சரக்கைப் பதுக்கி வைப்பதை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டித்திருக்கிறது. மலேசியச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் மூலம் கொள்ளை லாபம் அடிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதிகாரி வந்தால் மட்டும் நேர்மை வருவதென்றால் அது அதிகாரியின் நேர்மை, நம்முடையதன்று.

பற்றுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்து, கோப்பையில் விழ வேண்டிய பால் மழைநீரோடு போய்விடும். வெள்ளம் நின்றால் செம்பனைக் குலையைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. ஆகவே மழை மாதங்களில் பற்றுப் புத்தகம் தடிக்கத்தான் செய்யும். அந்த மாதங்களில்தான் நம்மில் சிலர், "பற்று இல்லை" என்று அட்டை எழுதித் தொங்கவிடுகிறோம். வெயிற்காலத்தில் அவன் கூலியில் நாம் லாபம் பார்த்தோம்; மழைக்காலத்தில் அவன் பட்டினியில் நமக்குப் பங்கு வேண்டாம் என்கிறோம்.

கேட்கத்தக்க மறுப்புகள்

"எல்லாருக்கும் பற்றுக் கொடுத்துக் கடையை மூடிவிட்டால் ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. கடை மூழ்கும் அளவுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. நம் கேடு பிறர்மேல் போகக் கூடாது என்பது போலவே, ஊர்க் கேடு முழுதும் ஒரு கடைக்காரர்மேல் வந்து விழுவதும் முறையன்று. அவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால், அதுவும் தள்ளிவிடுதலே.

"தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? நம் பிள்ளைகள் மூழ்கும்போது அடுத்தவன் வேலியைப் பார்க்க முடியுமா?" என்றும் கேட்கலாம். முடியாதுதான். உயிர் வேறு, பொருள் வேறு. உயிர் போகும் நிலையில் எந்த வேலியையும் உடைக்கலாம்; உடைத்ததற்குப் பிறகு ஈடு கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் சீறி நிற்கும் நாகத்திடம் தத்துவம் பேச வேண்டியதில்லை. உயிருக்கு நேரே ஆபத்து என்றால் மார்க்கமும் அனுமதி தருகிறது, சட்டமும் வழி விடுகிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் உயிருக்காகவா தள்ளிவிடுகிறோம்? பத்து மூட்டை அரிசிக்காக, ஒரு வரிசை மரவள்ளிக்காகத் தள்ளிவிடுகிறோம். பிறகு, உயிருக்கு உள்ள சலுகையை அரிசிக்கும் கேட்கிறோம்.

சில கேடுகளைத் தடுக்கவும் முடியாது, தள்ளவும் கூடாது என்ற நிலை வரும். அணை நிரம்பி வழியும் இரவில், நீர் யார் வீட்டுக்குள்ளாவது போகத்தான் போகிறது. அப்போது மிஞ்சியிருப்பது மூன்றாவது வழி ஒன்று: பங்கிட்டுக்கொள்வது. ஒருவர் முதுகில் ஏற்றினால் முறிக்கும் பாரம், நூறு பேர் தோளில் ஏறினால் வலிப்பதோடு போகும். மலேசியாவில் 1984இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்ட தகாஃபுலின் பொருளே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது என்பதுதான். அதைப் பெரிய கம்பெனி செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கடைத்தெருவில் நாமே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது.

என்ன செய்யலாம்?

நம் சங்க உறுப்பினர்கள் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுதோறும் அக்டோபர் மாதம், வடகிழக்குப் பருவமழை வருமுன், கடைத்தெருக்காரர் அனைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பின்புறச் சாக்கடையை முதல் கடையிலிருந்து கடைசிக் கடை வரை ஒன்றாகச் சுத்தம் செய்வது. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று பாராமல் எல்லாரையும் அழைக்க வேண்டும். தண்ணீர் யாருடைய இனத்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இரண்டாவது, வியாபாரம் நன்றாக நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு கடையும் தன்னால் இயன்ற ஒரு சிறு தொகையை மழைக்கால நிதிக்கு ஒதுக்குவது. பற்றுக் கொடுத்த கடைக்காரருக்கு நெருக்கடி வந்தால் அந்த நிதி தாங்க வேண்டும். நிதியின் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, வெள்ளக் காலத்தில் அரிசி, எண்ணெய், சீனி, பால்மாவு, மெழுகுவத்தி ஆகியவற்றை முந்தைய நாள் விலைக்கே விற்பதென்று முன்கூட்டியே பேசி முடிவு செய்து, அந்த விலையைக் கடை வாசலில் எழுதி வைப்பது. தண்ணீர் ஏறிய பிறகு முடிவு செய்யலாம் என்றால் நடக்காது. அந்த நேரத்தில் மனம் தன் பக்கம்தான் சாயும். தரை காய்ந்திருக்கும்போது எடுத்த முடிவுதான் தரை நனைந்தபோது நிற்கும்.

நாட்டுப்புறத்தில் குடியிருக்க வந்துவிட்டோம். காற்றும் நீரும் விலங்கும் நமக்கு முன்பே இங்கே இருந்தவை; நாம் போன பின்னும் இருக்கப் போகிறவை. அவற்றை ஒழித்துவிட்டு வாழ்வது என்பது ஆகாத காரியம். அவற்றுக்கு நடுவே நாம் வாழ்வதும், அந்த வாழ்வின் செலவை அடுத்தவன் கணக்கில் எழுதாமல் வாழ்வதும் ஆகக்கூடிய காரியம். பற்று வரவைப் பைசா பிசகாமல் எழுதத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு ஒன்று மட்டும் புரியாமற் போகாது. அடுத்த மழைக்கு முன் நம் பேரேட்டை ஒருமுறை புரட்டி, நாம் விலக்கிய கேடுகள் எவர் எவர் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்ப்போமாக. எழுதப்பட்டிருந்தால், தண்ணீர் வருமுன் அதைத் தீர்த்துவிடுவோமாக.